ஸ்டெப்னி மாமன்

சம்பளம் பத்தாம வேலைய விட்டேன்னு நெனைக்கிறீங்களா தம்பி? அதான் இல்ல. எல்லாரும் அப்பிடித்தான் நெனைக்கிறாங்க. சொந்தத் தொழில் பண்றவன்னாலே காசு ஆசையில கெளம்புனவன்னு ஒரு நெனப்பு. நீங்களும் கம்பெனி வேலைய விட்டுட்டு எதாச்சும் தொழில் பண்ணலாமான்னு யோசிக்கிறேன்னீங்கல்ல, அதுக்காகச் சொல்றேன், கேட்டுக்கங்க. சம்பளமெல்லாம் ஒழுங்காத்தான் குடுத்தாரு எங்க மொதலாளி. தீவாளிக்கு வேட்டி சட்டை, பொங்கலுக்கு வீட்டுக்காரிக்குச் சேலை, அதுல ஒரு குத்தம் சொல்ல முடியாது. நான் வேலைய விட்டது லீவுக்காக. ஒரே ஒரு நாள் லீவு.

அந்த ஷட்டரக் கொஞ்சம் எறக்கி விடுங்க, பஸ்ஸு போற வேகத்துல காத்து காதுக்குள்ள போகுது. ம், போதும். நான் போறது ஆண்டிபட்டி. எந்தங்கச்சி பேச்சியம்மா மகளுக்கு நாளைக்குக் காலையில கல்யாணம். ரூபிணின்னு பேரு, நாங்க பாப்பான்னுதான் கூப்பிடுவோம். நாந்தான் தாய்மாமன், எம்பேரு தவசி. இன்னைக்குச் சாயங்காலம் சீர் எறக்கணும். நாளைக்குக் காலையில பொண்ணு நெத்தியில பட்டம் கட்டி, மாலையப் போட்டு, கையப் புடிச்சு மணவறைக்குக் கூட்டிட்டு வரணும். நீங்களும் ஆண்டிபட்டிதானா? அப்பச் சரி, உங்களுக்கு நான் வெளக்கிச் சொல்ல வேண்டியதில்ல. எங்க பக்கம் மாமன் வந்து நிக்காம ஒரு காரியம் நடக்காது.

இப்பிடிப்பட்ட எடத்துல எங்க மாப்ள, அதான் தங்கச்சி புருசன் செயராசு, என்ன செஞ்சு வச்சிருக்காரு தெரியுமா? எனக்கு ஒரு ஸ்டெப்னி போட்டு வச்சிருக்காரு. கேலி இல்ல தம்பி, நெசமாத்தான். எங்க பெரியப்பா மகன் ராமருன்னு ஒருத்தன், லாரி வச்சு ஓட்டுறான். அவன்கிட்டப் போயி, "ராமரு, நீயும் பட்டுவேட்டி கட்டி ரெடியா நில்லுப்பா, தவசி மச்சான் பாதியில கெளம்பிட்டாருன்னா நீ வந்து பட்டத்தக் கட்டிரு"ன்னு சொல்லியிருக்காரு. மாமனுக்கு ஸ்டெப்னி! ஏன், மாப்பிள்ளைக்கு ஒரு ஸ்டெப்னி வைக்க வேண்டியதுதான? தாலி கட்டப் போறவன் ஓடிப்போனா என்ன செய்வாங்களாம்? மாமன்காரன் மட்டும் பஞ்சராகுற டயரா? எனக்கு இத எம்பொண்டாட்டி பாண்டிச்செல்விதான் போன்ல சொன்னா. சொல்லிட்டுச் சிரிக்கிறா. எனக்கு வந்துச்சே ஆத்திரம்.

நான் முன்னால பாத்தது ஏசி மெக்கானிக் வேலை. மதுரையில சாந்தகுமாருன்னு ஒருத்தரு, ஏசி, ஃப்ரிட்ஜு, ஓட்டல்ல வைக்கிற பெரிய ஃப்ரீசரு எல்லாம் சர்வீஸ் பண்ற கம்பெனி. நான் சின்ன வயசுலயே போயிச் சேந்தவன். கம்ப்ரஸர் சத்தத்தக் கேட்டாலே எங்க கோளாறுன்னு சொல்லிருவேன். பெருமைக்குச் சொல்லல. அதுதான் எனக்கு வெனையாப் போச்சு. லீவுன்னு வாயத் தொறந்தாப் போதும், மொதலாளி தோள்ல கையப் போட்டுருவாரு. "தவசி, உனக்கு லீவு தரமாட்டேன்னா சொல்றேன்? நீ இல்லாம இங்க என்னடா நடக்கும்? உன் கை பட்டாத்தான்டா மெஷினு பேச்சக் கேக்குது." இப்பிடியே சொல்லுவாரு. திட்டியிருந்தாக்கூட நான் பாட்டுக்குக் கெளம்பிப் போயிருப்பேன் தம்பி. புகழ்ந்து புகழ்ந்தே கட்டிப் போட்டுட்டாரு. நமக்கும் அது இனிக்குதுல்ல. நாம இல்லாட்டி கம்பெனியே நின்னு போயிரும்னு ஒரு மெதப்பு.

பாப்பாவுக்குக் காதுகுத்து வந்துச்சு. கொலசாமி கோயில்ல. மாமன் மடியில ஒக்கார வச்சுத்தான காது குத்தணும்? நான் ஒரு மாசம் முன்னாலயே சொல்லி வச்சிட்டேன். மொதலாளியும் தலைய ஆட்டிட்டாரு. பேச்சியம்மா எனக்குன்னு தனியா வேட்டி எடுத்து வச்சிருக்கா. காலையில நான் குளிச்சுக் கெளம்பி நிக்கிறேன், மொதலாளிகிட்ட இருந்து போன். ஒரு ஓட்டல்ல ஃப்ரீசர் நின்னு போச்சாம், அன்னைக்கு அங்க கல்யாண வரவேற்பாம், ஐஸ்கிரீம் மொத்தமும் உருகி ஓடுதாம். "ஒரு மணி நேரம்டா தவசி, பாத்துட்டு அப்பிடியே கோயிலுக்குப் போயிரு, நானே கார் தர்றேன்"னாரு. போனேன். ஒரு மணி நேரத்துல முடியுற வேலையா அது? நான் கோயிலுக்குப் போயிச் சேந்தப்ப பந்தி முடிஞ்சு எல எடுத்துக்கிட்டு இருக்காங்க. பாப்பா ராமரு மடியில ஒக்காந்து காது குத்தி, அழுது, தூங்கியே போச்சு. அந்தப் போட்டோவ இன்னும் பேச்சியம்மா வீட்டுல மாட்டி வச்சிருக்காங்க. ராமரு பல்லக் காட்டிக்கிட்டு ஒக்காந்திருப்பான். அந்த வீட்டுக்குப் போனா நான் அந்தச் சுவருக்கு முதுகக் காட்டித்தான் ஒக்காருவேன்.

மறுநாள் போயி ஸ்பேனர் பையைத் தூக்கி மொதலாளி மேசை மேல வச்சேன். "நான் வர்றேன் சார்"னேன். அவரு நம்பல. "ஒரு காதுகுத்துக்கு வேலைய விடுவானாடா எவனாவது?"ன்னு கேட்டாரு. விடுவான் சார்னேன். அப்பத்தான் மனசுல முடிவு பண்ணேன் தம்பி. எந்தங்கச்சி வீட்டு விசேசத்துக்குப் போறதுக்கு இனிமே எவன்கிட்டயும் கைகட்டி நிக்கக் கூடாது. நானாப் போகணும், நானா வரணும். இதுல ஒரு வேடிக்கை என்னன்னா, நீ இல்லாம ஒண்ணும் நடக்காதுன்னு சொன்ன மனுசன், அந்த வாரமே வேற ஒருத்தனப் போட்டு ஓட்டிட்டாரு. கம்பெனி இப்ப ரெண்டு மாடி. அங்கிட்டுப் போறப்பெல்லாம் பாப்பேன். ஒருத்தன் இல்லாட்டி ஒலகம் நின்னா போயிருது? அத அந்த மனுசன் மொதல்லயே ஒத்துக்கிட்டு எனக்கு ஒரு நாள் லீவு குடுத்திருந்தா என்ன?

வேலைய விட்ட யாரை வேணா நீங்க கேட்டுப் பாருங்களேன். காசுன்னு ஒருத்தனும் சொல்ல மாட்டான். எங்க தெருவுல ஒருத்தரு துணிக்கடையில நாள் பூரா நின்னே வேலை பாத்தாரு. கால் நரம்பெல்லாம் சுருட்டிக்கிச்சு. ஒக்காரணும்னே வேலைய விட்டுட்டு மளிகைக் கடை வச்சாரு. ஒக்காந்தாரான்னு கேக்காதீங்க, கடையில யாவாரம் அப்பிடி, இன்னும் நின்னுக்கிட்டுத்தான் இருக்காரு. ஆனா அவரா நிக்கிறாரு, வெளங்குதா? எதுத்த வீட்டு அம்மா ஒரு ஆஸ்பத்திரியில ஆயா வேலை. பேரச் சொல்லிக் கூப்பிடாம ஏய் ஏய்ங்கிறாங்கன்னு விட்டுட்டு வந்து இட்லி மாவு அரைச்சு விக்கிது. இப்ப தெருவே மாவுக்காரம்மாங்குது. பேரு இன்னும் வரல. அது கெடக்கட்டும்.

என் தொழிலா? இவ்வளவு நேரமா ஏசி லைன்னுதான நெனச்சுக்கிட்டு இருந்தீங்க? மொதல்ல அதான் செஞ்சு பாத்தேன். ஊருல ஏசி வச்சிருக்கவன் எல்லாம் பழைய மொதலாளியோட கஸ்டமரு, எனக்கு யாரும் வரல. அப்ப பக்கத்துத் தெருவுல ஒரு பெரியவரு எறந்து போனாரு. மகன் துபாயில. அவன் வந்து சேர்ற வரைக்கும் ஐஸ் பாளத்த வாங்கி அடுக்கி வச்சிருந்தாங்க. வெயில் காலம். தண்ணி ஒழுகி வீதி வரைக்கும் வருது, பொம்பளைங்க அழுகுறதா, தண்ணியத் தள்ளுறதான்னு நிக்கிதுங்க. எனக்குப் பாக்கப் பொறுக்கல. நேரா வீட்டுக்கு வந்து, கெடந்த பழைய கம்ப்ரஸர எடுத்து, வெல்டிங் பட்டறையில ஒரு பெட்டி அடிக்கச் சொல்லி, மேல கண்ணாடி மூடி போட்டு, நானே செஞ்சேன். ஐஸ் பெட்டி. ஆமா தம்பி, நீங்க நெனைக்கிற அதே பெட்டிதான். பாருங்க, கைய அங்கிட்டு நகத்திக்கிட்டீங்க. பரவால்ல, தப்பா நெனைக்கல, பழகிப்போச்சு.

எங்க ஏரியாவுக்கே மொதப் பெட்டி என்னோடதுதான். இப்ப நாலஞ்சு இருக்கு, ஒரு வேன் இருக்கு, காசிமாயன்னு ஒரு ஆளும் இருக்கான். என் நம்பரு எல்லார் போன்லயும் இருக்கும். ஆனா தவசின்னு போட்டு வச்சிருக்க மாட்டாங்க. ஐஸ் பெட்டின்னு போட்டிருப்பாங்க. கல்யாண வீட்டுல ஒருத்தன் என்கிட்ட, "அண்ணே, உங்க நம்பரு என்கிட்ட இருக்கு, ஆனா அடிக்கிற மாதிரி வந்துறக் கூடாதுண்ணே"ங்கிறான். சோத்த அள்ளி வாயில வைக்கிறப்ப சொல்றான். என்னத்தச் சொல்ல?

இத வச்சுத்தான் செயராசு வீட்டு ஆளுகளுக்கு நான்னா எளக்காரம். நல்ல காரியத்துக்குப் பொணப்பெட்டிக்காரன் முன்னால நிக்கலாமான்னு பேசுவாங்க. வாய் விட்டுச் சொல்லல, சொல்லுவாங்களா? ஆனா எனக்குத் தெரியாதா? நாள் கெழமை பாத்து மதுரையில இருந்து அண்ணன் வர்றானேன்னு ஒரு சந்தோசம் இருக்கணுமா வேண்டாமா? நான் மண்டபத்துக்குள்ள நுழைஞ்சாலே அவங்க மொகம் மாறும். எங்கயாச்சும் போன் அடிச்சா எல்லாரும் என்னத்தான் திரும்பிப் பாப்பாங்க. யாரோ ஒருத்தன் போன் அடிக்கும், அதுக்கும் நாந்தான் பொறுப்பு.

சடங்கு வீட்டுல நடந்தத வச்சுத்தான் அவங்க இப்பிடிப் பண்றாங்கன்னு பாண்டிச்செல்வி சொல்றா. கேளுங்க, நீங்களே ஞாயம் சொல்லுங்க. பாப்பா வயசுக்கு வந்துச்சு. நான் தட்டுத் தட்டாச் சீர் எடுத்துக்கிட்டு, மேளம் வச்சு, தெருவே பாக்கப் போனேன். அந்தச் சீரப் பத்தி இன்னைக்கும் ஆண்டிபட்டியில பேசுவாங்க. எல்லாம் எறக்கியாச்சு. பாப்பாவ மனையில ஒக்கார வச்சு மாலை போடணும், அதான் பாக்கி. அந்த நேரம் பாத்துப் போன். மதுரையில ஒரு வீட்டுல தாயி தவறிட்டாங்க, மூணு மகன்களும் வெளியூரு. நான் என்ன செய்யணும் நீங்க சொல்லுங்க? சடங்கு வீட்டுல நின்னுக்கிட்டு, எழவு வீட்டுக்குப் போறேன், விடுங்கன்னு சொல்ல முடியுமா? நல்ல வார்த்தை பேசுற எடத்துல அதச் சொல்லலாமா? அதனால ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடாம, பந்தலுக்குப் பின்னால போயி, வேன எடுத்துக்கிட்டு வந்துட்டேன். எந்தங்கச்சி மேல இருக்குற மரியாதையிலதான் சொல்லாம வந்தேன்.

அத அவங்க எப்பிடி எடுத்துக்கிட்டாங்க தெரியுமா? செயராசு ஆத்தாக்காரி பந்தலுக்கு நடுவுல நின்னு, "எழவு வீட்டுல இருந்து போறவன் மாதிரிச் சொல்லாமக் கொள்ளாமப் போயிருக்கானே, எம்பேத்திக்கு என்ன ஆகப்போகுதோ"ன்னு ஒரே சத்தமாம். அதக் கேட்டப்பத்தான் எனக்கே ஒரைச்சது. துட்டி வீட்டுல யாரும் போயிட்டு வர்றேன்னு சொல்ல மாட்டாங்கல்ல தம்பி. சத்தமில்லாம எந்திரிச்சுப் போறதுதான் மொற. நம்ம பொழப்பே அந்த வீடுகள்ல. பெட்டிய எறக்குவோம், சுச்சுப் போடுவோம், எந்திரிச்சு வந்துருவோம். திரும்பப் போயி எடுப்போம், அப்பவும் எந்திரிச்சு வந்துருவோம். வர்றேன்னு சொல்ற பழக்கமே நாக்குல இருந்து போயிருச்சு. மளிகைக் கடையில சாமான் வாங்குனாலும் வாங்கிட்டு அப்பிடியே திரும்பி வந்துருவேன். அதுக்காக ஒரு மனுசன் மேல கோவப்படுறதா? தொழில் பழக்கம் தம்பி அது. அத ஒரு பெரிய குத்தமாக் கட்டிக்கிட்டு, மாலையை ராமரு போட்டான்னு அன்னைக்கு ஆரம்பிச்ச பேச்சு, இன்னும் ஓயல.

பேச்சியம்மா புது வீடு பால் காய்ச்சுனதுக்கும் நான் போனேன். நல்லாத்தான் போச்சு. பால் பொங்குறப்பப் போன் வந்துச்சு, இந்தா வந்துர்றேன்னு சொல்லிட்டுத்தான் போனேன், அன்னைக்குச் சொல்லிட்டுத்தான் போனேன். திரும்ப வர முடியல, அது வேற விசயம். பாப்பா பன்னெண்டாவது பாஸ் பண்ணி கோயில்ல பொங்கல் வச்சாங்க, அதுக்கு நான் வர்ற வழியிலயே திரும்ப வேண்டியதாப் போச்சு. ஒவ்வொருத்தியும் கேக்குறா, அண்ணன் எங்க, அண்ணன் எங்கன்னு. கேக்குறவளுக்கு என்ன தெரியும் சொந்தத் தொழில்னா என்னன்னு?

காசிமாயன விட்டுட்டு வரலாமேன்னு நீங்க கேப்பீங்க. எல்லாரும் கேக்குறதுதான். அவன் வேலையில குத்தமில்ல, ஆனா வெவரம் பத்தாது. முன்னால லாரி புக்கிங் ஆபீஸ்ல இருந்தவன். என்கிட்ட வந்து சேந்த புதுசுல, ஒரு துட்டி வீட்டுல பெட்டியத் திரும்ப எடுத்துக்கிட்டுக் கெளம்பும்போது வாசல்ல நின்னு கும்பிட்டு, "சந்தோசம்ங்க, அடுத்தவாட்டியும் நம்மளையே கூப்பிடுங்க"ன்னு சொல்லிப்புட்டான். அந்த வீட்டு ஆம்பளைங்க எல்லாம் வேட்டிய மடிச்சுக் கட்டிட்டாங்க. நான் கால்ல விழாத கொறையா அவனக் கூட்டிட்டு வந்தேன். அதுல இருந்து அவன் துட்டி வீட்டுல வாயே தொறக்குறதில்ல, அது நெசம். வருசக்கணக்காச்சு, ஒரு பிராதும் இல்ல. இருந்தாலும் மனசு கேக்கணும்ல? தலை தெக்கப் பாத்து இருக்கணும், கம்ப்ரஸர் கால் மாட்டுல வரணும், கரண்டு கம்மியா இருந்தா ஸ்டெபிலைசர் போடணும், சொந்தக்காரங்க வந்து வந்து மூடியத் தொறப்பாங்க, அவங்களுக்கு நயமாச் சொல்லணும். நான் இல்லாம அங்க என்ன நடக்கும்? நம்ம கை பட்டாத்தான் தம்பி பெட்டி ஒழுங்கா நிக்கும்.

செக்கானூரணி தாண்டியாச்சா? பேசிக்கிட்டே வந்ததுல தெரியல. இந்த டிரைவரு நல்லாப் போறாரு.

என்ன சொல்லிக்கிட்டு இருந்தேன்? ஆங், பேச்சியம்மா. போன வாரம் அவளே மதுரைக்கு வந்தா, பத்திரிகை வைக்க. மாப்ள வரல, அவ மட்டும். தட்டுல பழம் பாக்கு வச்சு, பத்திரிகைய வச்சு, என் கையில குடுத்துட்டு, குடுத்த கைய எடுக்கல. "அண்ணே, நீ வராட்டிக்கூடப் பரவால்லண்ணே. வந்து நின்னுட்டுப் பாதியில எந்திரிச்சுப் போயிறாத. பாப்பா நீ வருவ வருவன்னு வாசலப் பாத்துக்கிட்டே இருக்கு, சின்னப் பிள்ளையில இருந்து. அந்த ரெண்டு நாளு மட்டும் போன ஆஃப் பண்ணி வச்சிரு"ன்னா. கண்ணுல தண்ணி. பாருங்க தம்பி, கூடப் பொறந்த அண்ணனப் பாத்து வராட்டிப் பரவால்லங்கிறா. அவ புருசன் வீட்டுல எம்புட்டு ஏத்தி விட்டிருந்தா அவ வாயில இருந்து அந்த வார்த்தை வரும்? என் தொழில் அவங்களுக்கு அம்புட்டுக் கேவலமாப் போச்சு. எனக்கு அன்னைக்குச் சோறு எறங்கல.

ஆஃப் பண்றேன்னு சொல்லிட்டேன். சொன்னாச் சொன்னதுதான். மண்டப வாசல்ல வச்சு ஆஃப் பண்ணிருவேன். பஸ்ஸுக்குள்ள எதுக்கு ஆஃப் பண்ணணும்?

பாண்டிச்செல்வியும் பிள்ளைகளும் முந்தாநாளே வாடகை வேன்ல சீரோட போயிட்டாங்க. நானும் அன்னைக்கே போயிருக்கணும். ஒரு பெட்டி வெளிய போயிருந்துச்சு, அது திரும்பி வரட்டும்னு இருந்துட்டேன். வந்துச்சு, கழுவி வச்சேன், கெளம்பிட்டேன். இந்தப் பைய மட்டும் அவகிட்டக் குடுக்கல. "குடுங்க, நானே கொண்டு போயிர்றேன், நீங்க வர்றப்ப வாங்க"ன்னா. மாட்டேன்னுட்டேன். இதுல பாப்பாவோட முகூர்த்தப் பட்டு இருக்கு, பட்டம் இருக்கு. இது மாமன் கையாலதான் போயிச் சேரணும். சேலைய நானே போயி எடுத்தேன். கடைக்காரப் பொண்ணு, பொண்ணு என்ன நெறம்னு கேட்டுச்சு. எம்பாப்பா நெறத்த நான் எப்பிடிச் சொல்றது? மாம்பழ மஞ்சள்ல எடுத்தேன். பட்டத்த ஆசாரிகிட்டச் சொல்லிச் செஞ்சது. மெல்லிசுத் தகடு, நடுவுல ஒரு செவப்புக் கல்லு. பின்னால மஞ்சக் கயிறு. இத நான் கட்டுறப்ப செயராசு ஆத்தாக்காரி மொகத்தப் பாக்கணும், அந்த ராமரு பட்டுவேட்டியோட ஓரமா நிக்கிறதப் பாக்கணும். அதுக்குத்தான் தம்பி அத்தன வருசத்துக்கு முன்னால ஸ்பேனர் பையத் தூக்கி மேசையில வச்சேன். இன்னைக்கு எந்த மொதலாளியும் என்ன ஏண்டா போறன்னு கேக்க முடியாதுல்ல? நாந்தான் மொதலாளி.

இருங்க, போன் அடிக்குது. காசிமாயன்.

சொல்லுப்பா. ... எங்க? ... பெத்தானியாபுரத்துலயா? எப்பத் தவறுனாரு? ... பெட்டிய எறக்கியாச்சா? சரி. தலை எங்கிட்டு? ... தெக்கதான? நல்லாப் பாத்தியா? ... ம். ... ம். கரண்டு? ... அப்பச் சரி. ... நான் பஸ்லதான் இருக்கேன், உசிலம்பட்டி வரப்போகுது. ... என்னது? கண்ணாடியிலயா? ... லேசான்னா எம்புட்டு லேசு? மொகம் தெரியுதா? ... தொடச்சியா? ... தொடச்சப்புறமும் படியுதா இல்லையா, அதச் சொல்லு. ... சரி, சரி, வையி.

ஒண்ணுமில்ல தம்பி. பெத்தானியாபுரத்துல ஒரு வாத்தியாரு தவறிட்டாராம். காசிமாயன் எல்லாம் சரியாத்தான் வச்சிருக்கான். "நீங்க போங்கண்ணே, கல்யாணத்தப் பாருங்க, நான் பாத்துக்கிறேன்"ங்கிறான். அந்த வீட்டுக்காரங்களும் ஒண்ணும் சொல்லலையாம். கண்ணாடியில லேசா மூட்டம் போட்டுச்சாம், தொடச்சுட்டானாம். இப்ப நல்லா இருக்காம். நல்லா இருக்காம்ல.

மூட்டம் எதுக்குப் போடும்? மூடியில ரப்பரு ஒரு ஓரத்துல தூக்கியிருந்தாத்தான் போடும். கட்டவெரலால ஒரு அமுக்கு அமுக்குனாப் போதும். அவனுக்கு அது தெரியும்தான். நான்தான் சொல்லிக் குடுத்தேன். ஆனா எந்த ஓரம்னு பாத்தானா? தலமாட்டு ஓரமா இருந்தா மொகம் மறைஞ்சு போயிரும். அவரு வாத்தியாரு வேற. படிச்ச பிள்ளைகள்லாம் வரும், வந்து மொகத்தப் பாக்கணும்னு நிக்கும். அந்த நேரம் கண்ணாடி பொகையாட்டம் இருந்தா யாருக்குக் கெட்ட பேரு? காசிமாயன யாருக்குத் தெரியும்? பெட்டியில போட்டிருக்கிறது என் பேரு.

மணி என்ன ஆச்சு? சீர் எறக்குறது சாயங்காலம்தான. இப்ப உசிலம்பட்டியில எறங்கி எதுத்தாப்புல வர்ற வண்டியப் புடிச்சா நேரா ஆரப்பாளையம். ஒரு அமுக்கு அமுக்கிட்டு அடுத்த பஸ். சாயங்காலத்துக்குள்ள வந்துருவேன். அப்பிடியே கொஞ்சம் முன்னப் பின்ன ஆனாலும் பட்டம் கட்டுறது நாளைக்குக் காலையிலதான? அதுக்குள்ள வர முடியாதா எனக்கு? யாரும் என்ன வான்னு கூப்பிடல தம்பி, அதத் தெரிஞ்சுக்கங்க. நானாத்தான் போறேன். அதுதான் சொந்தத் தொழில். எனக்கு உத்தரவு போட ஒருத்தன் கெடையாது.

கண்டக்டர்! உசிலம்பட்டி பஸ் ஸ்டாண்டுல எறங்கணும், கொஞ்சம் நிறுத்திப் போங்க. டிக்கெட்டு ஆண்டிபட்டிக்கு எடுத்ததுதான், இருக்கட்டும்.

தம்பி, நீங்க ஆண்டிபட்டிதான போறீங்க? இந்தப் பைய ஒரு கை புடிங்க. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துலயே மண்டபம், வாழமரம் கட்டியிருக்கும், தப்பிப் போக முடியாது. பேச்சியம்மான்னு கேளுங்க. அவ இல்லாட்டிப் பாண்டிச்செல்வி. செயராசுகிட்டக் குடுக்காதீங்க. மாமன் பின்னாலயே வர்றாருன்னு சொல்லுங்க. உசிலம்பட்டியில எறங்கிட்டேன்னு சொல்லாதீங்க, பஸ் கெடைக்கலன்னு சொல்லுங்க. என் தங்கச்சி கேட்டா, போன ஆஃப் பண்ணிதான் வச்சிருந்தாருன்னு சொல்லுங்க.

வந்துருவேன் தம்பி, என்ன அப்பிடிப் பாக்குறீங்க? கண்டிப்பா வந்துருவேன். ஒரு அமுக்குத்தான்.

மஞ்சக் கயிறு சேலைக்கு அடியில இருக்கு, தேட விட்டுறாதீங்க. அப்புறம் இன்னொண்ணு. ஒரு வேளை, பேச்சுக்குத்தான் சொல்றேன், ஒரு வேளை ராமரு கட்டுற மாதிரி ஆச்சுன்னா, அவன்கிட்ட முடிச்ச லேசாப் போடச் சொல்லுங்க. லாரிக்குத் தார்ப்பாய் கட்டுற கை அவனுக்கு, இறுக்கிப்புடுவான். பாப்பாவுக்கு நெத்தி வலிக்கும்.